பழைய வீட்டுக் கூடத்தில் பித்தளை தொங்கு விளக்கு: மாட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய வீடு, வயரிங் 1960களில் செய்தது, தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர். கூடத்தின் நடுவில் சீலிங் ரோஸிலிருந்து (கூரையில் வயர் வந்து சேரும் வட்டப் பெட்டி) 100 வாட் குண்டு பல்பு ஒன்று இத்தனை வருடம் தொங்கியிருக்கிறது. அந்த இடத்தில் ஐந்து கை வைத்த பித்தளை ஃபிட்டிங் மாட்ட வேண்டும். சீலிங் ரோஸைத் திறந்தால் இரண்டு கறுப்பு வயர்தான் இருக்கிறது. ஃபிட்டிங்கிலோ பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள் என்று மூன்று வருகிறது. "பச்சையை வெட்டி டேப் சுற்றிவிட்டு மற்ற இரண்டையும் முறுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். நான் இந்தக் காவிரிக் கரை ஊர்களில் பழைய வீடுகளில்தான் அதிகம் வயரிங் வேலை பார்த்திருக்கிறேன், இதே இரண்டு கறுப்பு வயரைப் பல கூடங்களில் பார்த்தாயிற்று. ஏன் கூடாது, பதிலுக்கு என்ன செய்யலாம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பாதியை மட்டும் தெரிந்துகொண்டு ஏணியில் ஏறுவதுதான் ஆபத்து.

எல்லோரும் முதலில் கேட்பது "பழைய வயர் இந்த லைட்டைத் தாங்குமா" என்று. தாராளமாகத் தாங்கும். 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுத்தது சுமார் 0.43 ஆம்பியர். புது ஃபிட்டிங்கில் 9 வாட் எல்இடி பல்பு ஐந்து போட்டாலும் மொத்தம் 45 வாட், 0.2 ஆம்பியர்தான் வரும். வயருக்குப் பாரம் பாதியாகக் குறைகிறது. அதனால் தடிமனைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது நான்கு: அந்த வயரின் மேல்தோல், எது பேஸ் (கரண்ட் வரும் வயர்) எது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்), எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை வயர்), அப்புறம் ஃபிட்டிங்கின் எடை.

மேல்தோலிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்து வயரில் செம்புக் கம்பியின் மேல் பெரும்பாலும் ரப்பர்தான் இருக்கும், இன்றைய பிவிசி இல்லை. ரப்பரில் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு ஈயம் பூசியிருப்பார்கள், அதனால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ரப்பருக்கு வயதானால் இறுகி விறைத்துப்போகும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். உங்கள் கூடத்தில் குண்டு பல்பு வருடக்கணக்காக மாலை ஆறு மணியிலிருந்து இரவு வரை எரிந்திருக்கிறது, அதன் சூடு நேராக மேலே போய் சீலிங் ரோஸையும் அதற்குள் வரும் கடைசி ஒரு அடி வயரையும்தான் வேகவைத்திருக்கிறது. சுவரோடு ஓடும் வயர் பார்க்க நன்றாக இருக்கும், அதே வயர் ரோஸுக்குள் அப்பளம் போல நொறுங்கும். யாரும் தொடாதவரை அது அப்படியே உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஃபிட்டிங் மாட்ட அதை இழுத்து, வளைத்து, உள்ளே திணிக்கும் அந்த நிமிடத்தில்தான் தோல் உதிர்ந்து கம்பி வெளியே வரும். அதுவும் பித்தளைக் கிண்ணத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

ஆக, கரண்டை முழுக்க நிறுத்திய பிறகு (அதை எப்படி என்று கீழே சொல்கிறேன், அதைப் படிக்காமல் தொடாதீர்கள்) வயரை விரலால் மெதுவாக ஒரு சிறு வளைவு வளைத்துப் பாருங்கள். ரப்பர் வளைந்து கொடுத்தால் நல்லது. கீறல் விழுந்தால், தூள் உதிர்ந்தால், அங்கேயே நிறுத்துங்கள். நுனியில் இரண்டு அங்குலம் மட்டும்தான் கெட்டிருக்கிறது, அதற்கு மேலே நன்றாக இருக்கிறது என்றால் கெட்டதை வெட்டிவிட்டு நல்ல இடத்தில் ஜாயின்ட் போடலாம், வயரில் அந்த அளவுக்கு மிச்சம் இருந்தால். மேலே போகப் போக உதிர்கிறது என்றால் டேப் சுற்றிச் சமாளிக்கக் கூடாது. சுவிட்சிலிருந்து அந்த பாயின்ட் வரைக்கும் புது வயர் இழுப்பதுதான் ஒரே வழி. வீடு முழுவதும் மாற்ற வசதி இல்லை என்றாலும் அந்த ஒரு பாயின்ட்டை மாற்றலாம், ரீப்பர் பக்கத்திலேயே பிவிசி கேசிங் பட்டி ஓட்டி 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போட்டால் அரை நாள் வேலை.

வெள்ளைக் கம்பியைப் பார்த்ததும் அலுமினியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், ஈயத்துக்கு அடியில் சிவப்பு தெரிந்தால் செம்பு. உள்ளேயும் வெள்ளைதான் என்றால் அலுமினியம். 1970, 80களில் சேர்த்துக் கட்டிய மாடி அறை, பின்கட்டு இதிலெல்லாம் அலுமினிய வயர் நிறைய வரும். இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடிந்துவிடும், திருகை இறுக்கினால் நசுங்கிக் கொஞ்ச நாளில் தானாகத் தளரும், செம்போடு நேராக முறுக்கினால் ஈரக்காற்றில் ஜாயின்ட் அரித்துச் சூடாகும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கும் கனெக்டரில், ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனித் துளையில்தான் மாட்ட வேண்டும்.

இப்போது கரண்டை நிறுத்துவது. மெயினை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் நம் ஊரில் பெரிய ஆபத்து, காரணம் இன்வெர்ட்டர். 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம், இருக்கிற பழைய வயரிங்கிலேயே கூடத்து லைட்டையும் ஃபேனையும் அதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் மெயினை ஆஃப் செய்த மறுகணமே இன்வெர்ட்டர் அதே லைட்டுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அது மின்சார வாரியத்துக் கரண்ட் இல்லை என்பதற்காக ஷாக் குறையாது. எனக்கே நடந்தது. திருவாரூர் பக்கம் ஒரு வீட்டில் நானே மெயினை இறக்கிவிட்டு, சுவிட்சில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன், நான் பார்த்த சுவிட்ச் இன்வெர்ட்டரில் சேராத ஃபேன் சுவிட்ச். மேலே பிடித்த வயர் இன்வெர்ட்டர் லைன். மர ஸ்டூலாக இருந்ததால் கையை உதறி விழுந்ததோடு போனது, முழங்கை வீக்கம் ஒரு மாதம் இருந்தது. இரும்பு ஏணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். இன்வெர்ட்டர் லைன் என்று எங்கேயும் ஒரு வார்த்தை எழுதி ஒட்டியிருக்கவில்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மாற்றப்போகும் லைட்டை எரியவிடுங்கள். மெயினை ஆஃப் செய்யுங்கள். லைட் அணையாவிட்டால், அல்லது ஒரு கண் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து எரிந்தால், அது இன்வெர்ட்டரில் இருக்கிறது. அடுத்து இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்யுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆஃபாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள், பல இன்வெர்ட்டர்களில் முன்பக்க பட்டனை ஆஃப் செய்தால் பேட்டரி மட்டும்தான் நிற்கும், ஈபி கரண்ட் அதன் வழியாக நேராக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் அந்த லைனின் ஃப்யூஸ் கட்டையைக் கழற்றி உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லுங்கள், முக்கியமாக "ஏன் கரண்ட் இல்லை" என்று மெயினைப் போய்ப் பார்க்கும் பழக்கம் உள்ள பெரியவரிடம். மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் ஒரு பேஸ் போனால் கட்டையை மாற்றிச் செருகும் வழக்கம் இருக்கும், அன்றைக்கு யாரும் அதைத் தொடக் கூடாது.

நிறுத்திய பிறகு நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். நியான் டெஸ்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி உயிரைக் கொடுக்க முடியாது. வெயில் வெளிச்சத்தில் அதன் மினுக்கம் தெரியாது, உள்ளே கெட்டுப்போயிருந்தாலும் தெரியாது, மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாகத்தான் எரியும். அதனால் முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேலை இடத்தில் பாருங்கள், பக்கத்து வீட்டு பிளக்கிலோ வேறு ஏதாவது வழியிலோ டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று இன்னொரு தடவை உறுதி செய்யுங்கள். அதற்கும் மேலே டெஸ்ட் லேம்ப் வைத்து இரண்டு வயருக்கும் நடுவில் பார்ப்பது நல்லது, அதாவது ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, நுனி மட்டும் வெளியே தெரியும்படி இன்சுலேஷன் உள்ள இரண்டு வயர். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: டிஜிட்டல் மீட்டர் சில சமயம் நிறுத்திய வயரிலும் 50, 80 வோல்ட் என்று காட்டும். பக்கத்தில் நெடுந்தூரம் சேர்ந்து ஓடும் வேறு வயரிலிருந்து தூண்டப்படுவது அது, டெஸ்ட் லேம்ப் வைத்தால் பல்பு எரியாது, அந்த எண்ணும் இறங்கிவிடும். ஆனால் அப்படிப் பக்கத்தில் உயிருள்ள வயர் ஓடுகிறது என்றால் எல்லாம் ஆஃப் ஆகவில்லை என்றுதானே அர்த்தம், அது எது என்று தேடுங்கள்.

இரண்டும் கறுப்பு என்றால் எது பேஸ் என்று எப்படித் தெரியும்? பழைய முறையில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். உங்கள் வயருக்கு மேலுறை கறுப்பு, உள்ளே ரப்பர் நிறம் மங்கிப் போயிருக்கலாம், நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதை மட்டும் கரண்டோடுதான் பார்க்க வேண்டும், அதனால் வயர் ரோஸின் திருகில் இறுக்கி இருக்கும்போதே, பல்பைக் கழற்றிவிட்டு, டெஸ்டர் நுனி மட்டும் திருகில் படும்படி, விரல் திருகிலோ வயரிலோ படாமல் பாருங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது ஒரு திருகில் எரியும், அது பேஸ். இப்போது சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். இரண்டிலும் எரியவில்லை என்றால் சுவிட்ச் பேஸை வெட்டுகிறது, சரியான வயரிங். ஆஃப் செய்த பிறகும் ஒன்றில் எரிகிறது என்றால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. பழைய வீடுகளில் இது சகஜம். பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தானே பல்பைக் கழட்டினேன்" என்று ஷாக் வாங்கியவர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்இடி பல்பு ஆஃப் செய்த பிறகும் மினுக்கு மினுக்கென்று எரிந்தாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள், வேறு காரணங்களும் உண்டு என்றாலும்.

உங்கள் ஃபிட்டிங்கில் இது இன்னும் முக்கியம். நம் ஊர் குண்டு பல்பு இரண்டு முள் வைத்த ஹோல்டரில் மாட்டுவது, அதில் பேஸ் எந்தப் பக்கம் வந்தாலும் பெரிதாக வித்தியாசம் இல்லை. அலங்கார ஃபிட்டிங்குகளில் பெரும்பாலும் மரை உள்ள ஹோல்டர் வருகிறது. மரை ஹோல்டரில் நடுவில் இருக்கும் நாக்குக்குத்தான் பேஸ் போக வேண்டும், சுற்றி உள்ள மரைக்கு நியூட்ரல். மாறிவிட்டால் பல்பைத் திருகும்போது விரல் படும் அந்த உலோகமே உயிரோடு இருக்கும். சுவிட்சும் நியூட்ரலில் இருந்தால் ஆஃப் செய்தாலும் போகாது. ஃபிட்டிங்கின் பிரவுன் வயர் நடு நாக்குக்குத்தான் போகிறதா என்று ஐந்து ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பெட்டியில் வருவதை நம்ப வேண்டாம், ஐந்தில் ஒன்று மாறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபிட்டிங்கில் நீலம் என்றால் நியூட்ரல். நம் வீட்டு மூன்று பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். சுவரிலிருந்து வரும் நீலத்தை ஃபிட்டிங் நீலத்தோடு "நிறத்துக்கு நிறம்" சேர்க்கிறவர் பேஸைக் கொண்டுபோய் நியூட்ரலில் கொடுக்கிறார். உங்கள் கூடத்தில் இந்தச் சிக்கல் வராது, பின்னால் சேர்த்த அறைகளில் வரும்.

மெயின் போர்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்தக் காலத்துப் பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் பீங்கான் ஃப்யூஸ் கட்டை இரண்டு இருக்கும், பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. இதில் நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போனால் லைட் எல்லாம் அணையும், கரண்ட் இல்லை என்று நினைப்போம், வயர் முழுக்க பேஸ் நின்றுகொண்டிருக்கும். 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளே நியூட்ரலில் தனியாக ஃப்யூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்று சொன்னது, பேஸோடு சேர்ந்து ஒன்றாக வெட்டும் சுவிட்சுக்கு விலக்கு உண்டு. நியூட்ரல் கட்டையில் ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாக லிங்க் (உருகாத நேர் இணைப்பு) போடச் சொல்லுங்கள், அல்லது அந்தப் பலகையையே எடுத்துவிட்டு எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போர்டு வையுங்கள். லைட் லைனுக்கு 6 ஆம்பியர் எம்சிபி போதும். ஃப்யூஸ்தான் தொடரும் என்றால் 5 ஆம்பியர் ஃப்யூஸ் கம்பி, அது 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், தலைமுடியைவிட இரண்டு மூன்று மடங்கு தடி. அடிக்கடி போகிறதே என்று ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை யாராவது கட்டி வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். மீட்டரையும் அதற்கு முன்னால் உள்ள சீல் வைத்த கட்-அவுட்டையும் (சர்வீஸ் ஃப்யூஸ்) தொடாதீர்கள், அது மின்வாரியத்தின் பொறுப்பு.

இப்போது எர்த். உங்கள் கேள்வியில் நான் அதிகம் பயப்படுவது இதற்காகத்தான்.

அந்த வீட்டில் லைட் பாயின்ட்டுக்கு எர்த் கொடுக்காததை அன்றைய வேலைக்காரரின் தவறு என்று சொல்ல முடியாது. பேக்கலைட் ரோஸ், பேக்கலைட் ஹோல்டர், நூல் சுற்றிய வயர், கண்ணாடி பல்பு, கூரையில் பத்தடி உயரம். கை படும் உலோகமே அதில் இல்லை, எர்த் எதற்கு? மூன்று முள் பிளக்குக்கு மட்டும் எர்த் இழுத்தார்கள். அந்தக் கணக்கு நீங்கள் பித்தளை ஃபிட்டிங் மாட்டும் அன்றைக்குத்தான் உடைகிறது. ஐந்து கைகளுக்குள்ளும் மெல்லிய வயர் ஓடுகிறது, குழாயின் வெட்டு முனை பல சமயம் பிசிறாகவே இருக்கும், இழுத்துச் செருகும்போது ஒரு இடத்தில் தோல் கிழிந்தால் மொத்தப் பித்தளையும் பேஸ். லைட் அழகாக எரியும், ஃப்யூஸ் போகாது, யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு முன்னால் ஈரத்துணியோடு அதைத் துடைக்க ஏறுபவருக்குத்தான் தெரியும்.

எர்த் இருந்தால் அதே கிழிசல் நடந்த அந்த நொடியே கரண்ட் பச்சை வயர் வழியாகப் பாய்ந்து ஃப்யூஸையோ எம்சிபியையோ ஆர்சிசிபியையோ (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் சுவிட்ச்) விழவைக்கும். பச்சை வயரை வெட்டி டேப் சுற்றச் சொன்னவர் எடுக்கச் சொன்னது இந்தப் பாதுகாப்பைத்தான்.

என்ன செய்யலாம் என்றால், ஒன்று, மெயின் போர்டின் எர்த்திலிருந்து அந்தப் பாயின்ட் வரை ஒரு பச்சை செம்பு வயர், 1.5 ஸ்கொயர் எம்எம், தனியாக இழுப்பது. கேசிங் பட்டியில் ஓட்டலாம், உத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிப் போனால் கீழிருந்து பார்த்தால் தெரியாது. வயர் கெட்டுப்போய்ப் புதிதாக இழுக்க வேண்டி வந்தால் மூன்றாகவே இழுத்துவிடுங்கள். எர்த் இழுக்கவே முடியாது என்றால் பித்தளை வேண்டாம், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட முத்திரை உள்ள ஃபிட்டிங்காகப் பார்த்து வாங்குங்கள். அது இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லாமலே வடிவமைத்தது. வாங்கியாயிற்றே என்று மனம் வராது, தெரியும், ஆனாலும் கடையில் மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து ஃபிட்டிங்கின் எர்த் திருகில் கொடுத்துவிடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், உங்கள் வீட்டிலோ நியூட்ரலிலும் ஃப்யூஸ் இருக்கலாம், அந்த நொடியே பல்பு வழியாக வந்த பேஸ் மொத்தப் பித்தளையிலும் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் அதே மாதிரிதான், எங்கேயோ நடுவில் பிவிசி குழாய் போட்டிருப்பார்கள், அதற்கு மேல் மண்ணோடு தொடர்பே இருக்காது, குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கும்.

மெயின் போர்டில் ஒரு எர்த் வயர் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. கொல்லைப்புறம் கிணற்றடியில் ஜிஐ குழாய் புதைத்து, கரியும் உப்பும் போட்டு, அதிலிருந்து ஜிஐ கம்பி வந்திருக்கும். அறுபது வருடத்தில் அந்தக் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அல்லது சிமென்ட் தளம் போட்டபோது யாராவது வெட்டியிருப்பார்கள். வயர்மேன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் பல்பு வைத்துப் பார்ப்பார்கள், பளிச்சென்று எரிந்தால் ஓரளவு நல்ல எர்த், மங்கினால் கெட்டது. இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் அந்தப் பல்பு வழியாக வீட்டில் உள்ள கிரைண்டர், ஃப்ரிட்ஜ் பாடி எல்லாம் பேஸ் ஏறிவிடும், அந்த நேரம் யாராவது தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரை வைத்து அளந்துவிடுங்கள்.

ஆர்சிசிபி கட்டாயம் வையுங்கள், 30 மில்லிஆம்பியர். அதற்கும் எர்த்துக்கும் உள்ள உறவைச் சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எர்த் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும், ஆனால் அப்போது கசியும் கரண்டுக்குப் போக வழி தொடுகிற ஆளின் உடம்புதான், ஆள் தொட்ட பிறகுதான் விழும். உயிரைக் காப்பாற்றும், ஷாக்கைத் தடுக்காது. ஏணியில் நிற்பவருக்கு அந்த ஒரு உதறலே கீழே விழப் போதும். இன்னொன்று, இன்வெர்ட்டர் லைன் ஆர்சிசிபிக்குப் பிறகு எப்படிப் பிரிகிறது என்று வயர்மேனிடம் கேளுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது மெயினில் உள்ள ஆர்சிசிபி அந்த லைனைக் காக்காது, அதற்குத் தனியாக ஒன்று வேண்டியிருக்கும்.

பழைய வயரிங்கில் ஆர்சிசிபி வைத்தால் உடனே விழ ஆரம்பிக்கும் என்பதும் உண்மைதான், ஐப்பசி கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் இழுக்கும்போது இன்னும் அதிகம். கீழ்வீட்டு லைனில் பேஸ் எடுத்து மாடி லைனில் நியூட்ரல் எடுத்த மாடிப்படி லைட் ஒன்று இருந்தாலும், இரண்டு லைனுக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருக்கும் பட்சத்தில் அது போட்டவுடன் விழும். "தொல்லையாக இருக்கிறது" என்று அதை பைபாஸ் செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். அது விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது, அதை வயர்மேன் 500 வோல்ட் மெக்கர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து லைன் லைனாகக் கண்டுபிடிக்கலாம், ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைனை முதலில் கவனிக்கச் சொல்லுங்கள். மெக்கர் போடும் முன் எல்இடி பல்பு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவும் தப்பாக வரும், பல்பும் போய்விடும்.

எடைக்கு வருகிறேன். சீலிங் ரோஸ் ஒரு ஹோல்டரையும் பல்பையும் தாங்க வைத்தது, ஐந்தாறு கிலோ பித்தளையை அதில் தொங்கவிட முடியாது. மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்டது. அந்தச் செங்கல்லில் துளை போட்டு ஆங்கர் போல்ட் முடுக்கினால் அன்றைக்கு நிற்கும், பிறகு கலவையோடு சேர்ந்து இறங்கும். எடை மரத்தில்தான் இறங்க வேண்டும். உங்கள் கூடத்தில் ஊஞ்சல் வளையம் இருந்தால் அது உத்திரத்தில் ஊடுருவிப் போட்டதாக இருக்கும், இரண்டு மூன்று பேரைத் தாங்கியது, விளக்கு அதற்கு ஒன்றுமே இல்லை. இல்லாவிட்டால் உத்திரத்தின் பாதி ஆழத்துக்கு மேல் ஒரு தச்சரை வைத்துக் கொக்கி போடுங்கள், கரையான் இல்லாத இடமாகத் தட்டிப் பார்த்து. ஃபிட்டிங் எடையைப் போல நான்கு மடங்கு மணல் மூட்டையை ஒரு இரவு தொங்கவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். வயரில் துளி எடையும் விழக் கூடாது, சங்கிலியைவிட வயர் கொஞ்சம் நீளமாகத் தொய்ந்து இருக்க வேண்டும்.

பழைய மர ரவுண்டு பிளாக்கை எடுத்துவிட்டுப் பிவிசி பெட்டி வையுங்கள். ஜாயின்ட் அந்தப் பெட்டிக்குள் வரட்டும், பித்தளைக் கிண்ணத்துக்குள் வேண்டாம். முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலில் நிற்காது, ஒரு கோடையில் பசை உருகி டேப் அவிழும். பீங்கான் கனெக்டரோ, நெம்பு வைத்த கனெக்டரோ போட்டு, செம்பு வெளியே தெரியாத அளவுக்கு உரித்து, மாட்டிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லது, இப்போதே வந்துவிட்டதே. எர்த்தை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள்.

இதில் நீங்களே செய்யக்கூடியது எவ்வளவு என்றால், இருக்கிற பாயின்ட்டில் பல்பு, ஃபேன், சுவிட்ச், ஃபிட்டிங் மாதிரியானதை, வயரிங்கின் தன்மையும் திறனும் மாறாமல், மாற்றுவதை விதி தடுக்கவில்லை. புது வயர் இழுப்பது, எர்த் கொண்டுவருவது, போர்டு மாற்றுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் செய்ய வேண்டிய வேலை. உங்கள் வீட்டில் எர்த் இழுத்தே ஆக வேண்டும் என்பதால் எப்படியும் ஒருவரைக் கூப்பிடத்தான் போகிறீர்கள். அவரிடம் கூடத்து லைட் பாயின்ட்டுக்கு மூன்று வயர், சுவிட்ச் பேஸில், நியூட்ரல் ஃப்யூஸுக்கு லிங்க், ஆர்சிசிபி, எர்த் அளவு என்று இந்த ஐந்தையும் ஒரே நாளில் கேட்டுவிடுங்கள். பச்சையை வெட்டச் சொன்ன அதே ஆளிடம் வேண்டாம்.

மாட்டி முடித்ததும் முதல் தடவை ஆன் செய்யும்போது ஏணியிலிருந்து இறங்கி, எதையும் தொடாமல், சுவிட்சை மட்டும் போடுங்கள். எரிந்தால் பித்தளையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், துளியும் மினுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் எரியவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தி, பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சூடோ கருகல் வாசனையோ இருந்தால் ஜாயின்ட் தளர்வு. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். முதல் பெருமழை பெய்து கூரையில் ஈரம் ஊறியிருக்கும் நாளில் அந்தப் பித்தளையில் இன்னொரு தடவை டெஸ்டர் வையுங்கள்.